என் குரலில் ஒரு ‘இல்லைங்க’

வேலை போய்விட்டது என்று என் அக்காவிடம் சொன்னது என் குரல். அது சொன்னபோது நான் அங்கே இல்லை. வேறொரு கம்பெனியில், வேறொரு வாசலில், டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

சூலூரை ஒட்டிய ஒரு பம்ப் கம்பெனியின் பவுண்டரியில் டைம் ஆபீஸ் பார்க்கிறேன். பிளஸ் டூவோடு படிப்பு நின்றுவிட்டது. யார் வந்தார்கள், யார் வரவில்லை, யார் தாமதம் என்று பார்ப்பது என் வேலை. அதிகம் பேசத் தேவையில்லாததால் எனக்குப் பொருந்தியது. ஆள் முகத்தைப் பார்த்துப் பேசினால் எனக்கு நாக்கு உள்ளே இழுத்துக்கொள்ளும். கல்யாணமும் அதனாலேயே ஆகவில்லை என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள்.

எங்கள் முதலாளி கைரேகை மிஷின் வாங்கினார். பெட்டிக்குக் காசு கொடுத்தவர், பெட்டிக்குள் ஓடும் புரோகிராமுக்குக் கொடுக்க மாட்டேன் என்றுவிட்டார். மாட்ட வந்த சர்வீஸ்காரர் இலவசமாகக் கிடைக்கும் ஒன்றைப் போட்டுக்கொடுத்தார். பல நாட்டு ஆட்கள் சேர்ந்து எழுதிப் பொதுவில் வைத்தது அது. யாரும் எடுக்கலாம், பிரித்துப் பார்க்கலாம், மாற்றிக்கொள்ளலாம்.

“கோயில் கெணறு மாதிரிங்க. ஆரு வேணாலும் எறைச்சுக்கலாம்” என்றார்.

எங்கள் ஊர்க் கோயில் கிணற்றில் யார் வேண்டுமானாலும் இறைக்க முடியாது. எங்கள் அம்மா அந்தக் கிணற்றடியில் குடத்தோடு நின்று, யாராவது ஊற்றுவார்களா என்று காத்திருந்தவர். ஆனாலும் சர்வீஸ்காரரிடம் சரியென்று தலையாட்டினேன்.

பவுண்டரியில் மோல்டிங் பார்க்கிறவர்களுக்கு, அதாவது மண்ணைக் குத்தி அச்சு எடுக்கிறவர்களுக்கு, கைரேகை இருக்காது. மண்ணும் சூடும் தேய்த்துவிடும். அவர்கள் விரலை வைத்தால் மிஷின் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் குரலில் ‘இன்வேலிட் யூசர்’ என்னும். அதையே பலமுறை சொன்ன பிறகுதான் உள்ளே விடும். ஒருநாள் மூத்த மோல்டர் ஒருவர் என்னிடம் கேட்டார்.

“ஏனுங் தம்பி, இந்தம்மா தெனமும் என்னையப் பாத்து என்னமோ சொல்லுதே, என்னங் அது?”

“செல்லாத ஆள்னு அர்த்தமுங்க.”

“ஆரு, நானா?”

“ரேகை படலைன்னா எல்லார்த்தையும் அப்படித்தானுங்க சொல்லும்.”

“ரேகை எங்கீங்க போச்சு? இவங்களுக்கு மண்ணு குத்தித்தான போச்சு?”

அவர் மிஷின்மேல் காறித் துப்பினார். விரலைப் பதியத் தெரியாத மிஷினுக்கு மேலே இருந்த கேமரா, அவர் துப்பியதைச் சுத்தமாகப் பதிந்துவிட்டது. ஒரு வாரம் வர வேண்டாம் என்று முதலாளி அவரை வீட்டுக்கு அனுப்பினார். மிஷினைத் துடைத்தவன் நான்.

அதற்குப் பிறகுதான் புரோகிராமைத் திறந்து பார்த்தேன். சர்வீஸ்காரர் ஃபோனில் வழி சொன்னார். குரல்கள் எல்லாம் ஒரு தனி இடத்தில், சொல்லுக்கு ஒரு கோப்பாக இருந்தன. அந்தச் சொற்களைக் கோத்துத்தான் மிஷின் வாக்கியம் பேசியது. அதே சொற்களைத் தமிழில் பேசி அந்த இடத்தில் வைத்தால் போதும் என்றார். பேச ஆள் வைக்க வசதியில்லை. சாப்பாட்டு நேரத்தில், அச்சு மாதிரிகளை வைக்கும் பேட்டர்ன் ரூம் கதவைச் சாத்திக்கொண்டு நானே பேசினேன். ஆள் இல்லாத இடத்தில் எனக்கு நன்றாகவே பேச வந்தது.

வாங்க. போயிட்டு வாங்க. இன்னொருக்கா வெச்சுப் பாருங்க. ‘வேலை நேரம் முடிஞ்சுதுங்க’ என்பதற்கு ஒரு ‘வேலை’. ‘உங்களுக்கு நைட் ஷிப்டுங்க’ என்பதற்கு ஒரு ‘உங்களுக்கு’. ஷிப்டு மாறுவதைச் சொல்ல ஒரு ‘நாளையிலிருந்து’. ‘பதிவு இல்லைங்க’ என்பதற்கு ஓர் ‘இல்லைங்க’. எனக்குத் தெரிந்த தமிழ் ‘ங்க’ போட்ட தமிழ்தான். மிஷினுக்கும் அதையே கொடுத்தேன்.

மோல்டர்களுக்குப் பிடித்திருந்தது. “நம்மாளு பேசறாப்லடா” என்று விரலை வேண்டுமென்றே தப்பாக வைத்து, இன்னொரு தடவை கேட்டுவிட்டு உள்ளே போனார்கள்.

அந்தச் சந்தோஷம் அடுத்த அப்டேட் வரைக்கும்தான் இருந்தது. எழுதியவர்கள் ஏதோ ஓட்டையை அடைத்துப் புது வெளியீடு விட்டார்கள். அது வந்து என் கோப்புகளை எல்லாம் துடைத்துவிட்டு, பழைய பெண்ணை மறுபடி உட்கார வைத்தது.

“ஏனுங், தொரசாணி மறுக்கா வந்துட்டாளாட்ட இருக்குது. நம்மாளு லீவுங்களா?”

“மாமியா ஊட்டுக்குப் போயிட்டாப்ல.”

“இவருக்கேதுறா மாமியா ஊடு?”

நான் குனிந்துகொண்டே மறுபடி கோப்புகளை ஏற்றினேன். ஒவ்வொரு அப்டேட்டுக்கும் இதே வேலை. ஒருமுறை புரோகிராம் எழுதியவர்கள் கோப்புகளின் எண் வரிசையை மாற்றியிருந்தார்கள். அது தெரியாமல் நான் பழைய வரிசையிலேயே ஏற்றிவிட்டேன். காலையில் வந்து விரல் வைத்தவர்களிடம் மிஷின் “போயிட்டு வாங்க” என்றது. பாதி ஷிப்டு திரும்பிப் போய் டீக்கடையில் உட்கார்ந்துவிட்டது. முதலாளி எல்லோர் முன்பும் கேட்டார்.

“உன்ற வாயில நாலு வார்த்தை வராது. மிசின்ல வாரதும் தப்பாத்தான் வருமா?”

சர்வீஸ்காரரிடம் சொன்னேன். அவர் ஒரு வழி சொன்னார்.

“நீங்க மட்டும் வெச்சுட்டுத் தனியா ஒட்டுப் போட்டுட்டிருந்தா சாகற வரைக்கும் இதே பொழப்புத்தானுங்க. எழுதறவங்ககிட்டயே குடுத்துருங்க. அவங்க உள்ள சேத்துக்கிட்டா, அப்டேட் வந்தாலும் உங்க குரலு போகாது.”

அனுப்பினேன். அனுப்பும் இடத்தில் சில வரிகளைக் காட்டி டிக் அடிக்கச் சொன்னது. இந்தக் குரலை யாரும், எதற்கும், எப்படியும் வெட்டி ஒட்டிப் பயன்படுத்தலாம்; கொடுத்ததைத் திரும்பக் கேட்க முடியாது. ஆங்கிலத்தில் இருந்ததை ஃபோனில் தமிழாக்கிப் படித்தேன். நன்றாகப் புரிந்தது. பெருமையாகக்கூட இருந்தது.

சேர்ப்பதற்கு முன்னால் யாரும் வந்து கருத்து எழுதலாம். வெளிநாட்டில் இருக்கும் ஒரு தமிழர், இது தமிழ் இல்லை, ஒரு வட்டாரத்துக் கொச்சை, ‘வரவும்’, ‘செல்லவும்’ என்று முறையாகப் பேசி அனுப்பவும் என்று எழுதினார். இன்னொருவர், குரல் மூக்கில் வருகிறது, படித்த யாரையாவது பேச வைக்கலாமே என்றார். நான் இருவருக்கும் “சரிங்க சார்” என்று பதில் போட்டேன். அந்தப் பதிலுக்குக் கீழே பலர் சிரிக்கும் பொம்மை வைத்துவிட்டுப் போனார்கள். கடைசியில் யாரோ ஒரு பெண், எந்த நாடோ தெரியாது, சண்டையை முடித்து ‘தமிழ் – கோவை’ என்று தனியாகச் சேர்த்துவிட்டார். பராமரிப்பவர் என்று என் பெயரையும் போட்டார்.

பராமரிப்பவர் என்றால் திட்டு வாங்குகிறவர் என்று போகப் போகத்தான் தெரிந்தது. எந்தெந்த ஊரிலோ இருந்து எழுதினார்கள். சத்தியமங்கலத்தில் ஒரு மில்லில் சத்தம் போதவில்லையாம். இன்னோர் இடத்தில் என் குரல் கேட்டு வாட்ச்மேன் தூங்கிவிடுகிறானாம். ஓசியில் கொடுத்தால் இப்படித்தான் இருக்கும் என்று ஓசியில் வாங்கியவர்களே எழுதினார்கள். எல்லோருக்கும் பதில் எழுதினேன், கேட்ட சொற்களைப் பேசி அனுப்பினேன். எழுத்தில் எனக்குக் கூச்சம் இல்லை. அந்த வேலையை விட்டுவிடலாம் என்று தோன்றியதும் இல்லை. முகம் தெரியாத ஆட்களுக்காவது நான் தேவைப்பட்டேன்.

அக்கா அவிநாசிப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்தார். தைத்து வரும் துணியில் பிசிறு, ஓட்டை, தையல் தப்பு இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. மாமா இறந்த பிறகு என்னோடு வந்து தங்கினார். வந்த அன்றைக்கே சொன்னார்: “உன்ற ஊட்டுல இருக்கறன் கண்ணு. உன்ற சோத்துல இருக்கமாட்டன்.” வேலை போனால் அந்தச் சொல்லும் போகும். அவர் வயதில் புதிதாக எந்தப் பனியன் கம்பெனியும் செக்கிங்குக்கு ஆள் எடுப்பதில்லை. கண்ணைப் பார்த்ததுமே வேண்டாம் என்பார்கள்.

அந்தக் கம்பெனியும் இதே புரோகிராமைப் போட்டது. அக்கா முதல் நாள் வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“டேய், எங்க கேட்ல நீ பேசறடா! வாங்கங்குது. எல்லார்த்துகிட்டயும் சொல்லிப்போட்டன், இது என்ற தம்பின்னு.”

செக்கிங் டேபிளில் அக்காவுக்குப் பக்கத்தில் ஓர் அம்மா உட்காருவார். ஒரே வேனில் போய்வருகிறவர்கள், சோற்றை மாற்றிச் சாப்பிடுகிறவர்கள். அந்த அம்மா சொன்னாராம்: “உங்க தம்பி வாங்கன்னா எங்கூட்டுக்காரன் பேசறதவிட நல்லாத்தான் இருக்குது.” அக்கா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். எனக்குக் காது சூடானது.

பிறகு ஆர்டர் குறைந்தது. ஆட்களைக் குறைத்தார்கள். எச்.ஆர். ஆபீசில் கூப்பிட்டுச் சொன்னால் பெண்கள் அழுதார்கள், வீட்டு ஆண்கள் வந்து சத்தம் போட்டார்கள். அதனால் அந்தக் கம்பெனி தன் புரோகிராமில் ஒரு மாற்றம் செய்தது. யார் வேண்டாமோ அவர் பெயருக்கு நேராக ஒரு குறி வைத்துவிட்டால், மாலையில் வெளியே போக விரல் வைக்கும்போது மிஷினே சொல்லிவிடும். மறுநாள் கதவு திறக்காது.

ஒருத்தியிடம் மிஷின் அப்படிச் சொன்னதை, பக்கத்தில் உட்காரும் அந்த அம்மா தன் ஃபோனில் பதிந்திருந்தார். அக்கா அதை வாங்கி வந்து எனக்குப் போட்டுக்காட்டினார்.

“உங்களுக்கு. நாளையிலிருந்து. வேலை. இல்லைங்க.”

நான் அந்த வாக்கியத்தைப் பேசியதே இல்லை. ஆனால் எல்லாம் என் குரல். ‘உங்களுக்கு’ நைட் ஷிப்டுக்குப் பேசியது. ‘வேலை’ முடிவில் மேலே ஏறி நின்றது, அடுத்து ‘நேரம்’ வரப்போகிறது என்பதுபோல. ‘இல்லைங்க’ மட்டும் கச்சிதமாகப் பொருந்தியிருந்தது.

“இதென்ன கண்ணு, இப்படிச் சொல்லீருக்கற?”

“நான் சொல்லலீங்கக்கா.”

“உன்ற குரல்தான?”

“ஆமாங்க்கா.”

“அப்பறம்?”

எப்படி விளக்குவது? விளக்கிப் பார்த்தேன். அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சரி, எடுத்துப்போடு” என்றார்.

எழுதினேன். புரோகிராமை எழுதியவர்களிடம், என் குரலை எடுத்துவிடுங்கள், ஆட்களை வேலையைவிட்டு அனுப்புவதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று. மரியாதையாகவே பதில் வந்தது. கொடுத்தது கொடுத்ததுதான். ஒரு கம்பெனி தன் காம்பவுண்டுக்குள் என்ன மாற்றம் செய்கிறது என்று கேட்க எங்களுக்கு உரிமையில்லை. இனிவரும் வெளியீடுகளில் வேண்டுமானால், பராமரிப்பவர் என்ற முறையில் நீங்கள் மாற்றலாம்.

அந்த உரிமையை வைத்து ஒரு வேலை செய்தேன். ‘இல்லைங்க’ கோப்பைச் சத்தமில்லாத கோப்பாக மாற்றி அடுத்த அப்டேட்டில் விட்டேன். அக்காவின் கம்பெனிக்கு அது போய்ச் சேரவே இல்லை. அப்டேட் செய்தால் தாங்கள் போட்ட மாற்றம் அழிந்துவிடும் என்று அவர்கள் அப்டேட்டையே நிறுத்திவைத்திருந்தார்கள். என்னைப் படாதபாடு படுத்திய அதே தொல்லைதான், அவர்கள் அதைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். நியாயமாக நடக்கிற கம்பெனிகள்தான் அப்டேட் செய்தன. அங்கே எல்லாம், பதிவில்லாத ஆள் விரல் வைத்தால் மிஷின் “பதிவு” என்று மட்டும் சொல்லி நிறுத்தியது. பதிவு ஆகிவிட்டதாக்கும் என்று கண்டவனும் உள்ளே போனான். திட்டு மழையாகக் கொட்டியது. ‘இல்லைங்க’வை நானே திரும்ப வைத்தேன்.

செக்கிங் டேபிளில் அக்காவோடு பேசுவதை ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். “உன்ற தம்பிகிட்டக் கேட்டுச் சொல்லு, நாளைக்கு ஆருன்னு” என்று வேனில் ஒருத்தி கேட்டாளாம். மற்றவர்கள் சிரித்தார்களாம். பக்கத்தில் உட்காரும் அந்த அம்மா மட்டும் சோற்றை மாற்றிச் சாப்பிடுவதை விடவில்லை.

ஒரு மாலை மிஷின் அக்காவிடமும் சொன்னது. அவர் வேன் ஏறாமல் பஸ் பிடித்து வந்தார். சோற்றைப் போட்டுக்கொண்டு, சாப்பிடாமல், தட்டை என் பக்கம் தள்ளிவிட்டார். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாள் நான் லீவு போட்டு அவிநாசிக்குப் போனேன். முகம் தெரியாத ஒருவரிடம் ஒன்று கேட்கப் போவது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

எச்.ஆர். முப்பது வயதுக்காரர். எழுந்து நின்று கும்பிட்டார்.

“வாங்ணா, உக்காருங்க. டீ சாப்பிடறீங்ளா?”

“என்ற அக்காவுக்கு... வேலை...” என்றேன். அதற்குமேல் வரவில்லை.

அவர் உதட்டைக் கடித்தார். பிறகு அடக்க முடியாமல் சிரித்துவிட்டார்.

“தப்பா நெனைக்காதீங்ணா. அச்சு அசலா மிசினேதானுங்க. ஒருக்கா ‘வேலை’ன்னு சொல்லுங்க.”

சொன்னேன். அடுத்த அறையிலிருந்து இரண்டு பேரைக் கூப்பிட்டார். மறுபடி சொல்லச் சொன்னார். சொன்னேன். “அய்யோ, பாவமுங்க” என்றாள் வந்தவர்களில் ஒருத்தி, வாயைப் பொத்திக்கொண்டு.

அவர்கள் போன பிறகு அவர் குரலைத் தணித்தார். “அண்ணா, ஒரு சங்கடம் இருக்குதுங்க. உங்க வாய்ஸ் துண்டு துண்டா வருதுங்க. சில பேருக்குப் புரியறதே இல்ல. என்ன சொல்லுச்சு, என்ன சொல்லுச்சுன்னு அங்கயே நின்னு மறுக்கா மறுக்கா வெரலு வெக்கறாங்க. பொறத்தாண்ட லைன் நின்னுபோகுது. நீங்க அதையே ஒரே மூச்சுல நல்லாப் பேசிக் குடுத்துட்டீங்கன்னா, அக்காவ நான் திங்கக்கெழமையே உள்ள எடுத்துக்கறனுங்க. என்ற பொறுப்பு.”

நான் வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னேன். அவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கையை நிறுத்தவில்லை.

“நீ என்ன சொன்ன?”

“கேட்டுட்டுச் சொல்றேன்னுட்டு வந்துட்டனுங்க.”

“நீ பேசலைன்னா அவிங்க ஆளு எடுக்காம உட்டுருவாங்களா?”

“இல்லீங்க்கா. இப்ப இருக்கறதையே வெச்சு ஓட்டுவாங்க.”

“அப்ப போய்ப் பேசிப்போட்டு வா.”

“அக்கா, அத நெறையப் பேரு கேப்பாங்க.”

“இப்பவும் கேட்டுட்டுத்தான இருக்கறாங்க. நானும் கேட்டன். செத்தா போயிட்டன்?” என்று வெங்காயத்தைத் தட்டில் போட்டார். “எனக்கு வேல வேணும் கண்ணு.”

எச்.ஆர். ஆபீசில் ஏசியை நிறுத்திவிட்டு, ஜன்னலைச் சாத்தி, மைக்கை முன்னால் வைத்தார்கள். அக்கா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பேசினேன்.

“கொஞ்சம் கடுசா இருக்குதுங்ணா. மரியாதையா வரட்டுங்க.”

மறுபடி பேசினேன்.

“இப்ப அழுகற மாதிரி இருக்குதுங்க. சும்மா, வந்தவங்களுக்கு வழி சொல்ற மாதிரிச் சொல்லுங்க. கடைசில ‘போயிட்டு வாங்க’வும் சேத்துக்கலாம்.”

“போயிட்டு வாங்கன்னா திரும்ப வரச் சொல்றாப்ல ஆயிருமுங்களே” என்றேன். அந்த அறையில் நானாக முழுதாகப் பேசிய ஒரே வாக்கியம் அதுதான்.

“அது மரியாதைக்குத்தானுங்ணா. வந்தாலும் மிசின் உடாதுங்களே.”

உங்களுக்கு நாளையிலிருந்து வேலை இல்லைங்க, போயிட்டு வாங்க. தடுமாறாமல் ஒரே மூச்சில் சொன்னேன். என் வாயிலிருந்து அவ்வளவு தெளிவாக எதுவும் வந்ததில்லை. எச்.ஆர். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். வெளியே வந்தபோது அக்கா எழுந்து நின்று முந்தானையைச் சரிசெய்துகொண்டு, “ஆச்சா?” என்றார். 

இந்தப் புதுப் பேச்சைப் பொதுவில் வைக்கவில்லை. அது அந்தக் கம்பெனிக்கு மட்டும். அதனால் அதைப் பராமரிக்கிற வேலையும் எனக்கு இல்லை.

சொன்னபடியே திங்கட்கிழமை அக்காவை உள்ளே எடுத்துக்கொண்டார்கள். அன்று மாலை நேரத்துக்கு வந்துவிட்டார். கைகால் கழுவி, சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, ரசம் ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டார். பல நாளைக்குப் பிறகு அவர் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாதியில் தலையைத் தூக்காமலே, டேபிளில் பக்கத்தில் உட்காரும் அம்மாவுக்கு இன்றைக்கு மிஷின் சொல்லிவிட்டது என்றார்.

 அவராகவே சொன்னார்.

“தெளிவா இருந்துச்சு கண்ணு. ஒரே தடவைல புரிஞ்சுட்டா. போயிட்டா.”